பதினோராவது எபிசோடு

மறுபடியும் சொல்லச் சொன்னார்கள்.

அவள் மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

"அவரா எறங்கலீங்க. எறக்கி உட்டாங்க."

அரங்கில் இருந்த அறுபது நேயர்களில் யாரோ சிரித்தார்கள். தொகுப்பாளினி மேகலாவும் சிரித்தாள். அது கேமராவுக்கான சிரிப்பு.

"கட்" என்று ஒரு குரல் வந்தது.

சென்னைக்கு அவள் வந்தது இதுதான் முதல்முறை. பவானிப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் 'எட்டாவது வளையம்' பார்க்காமல் இருக்க மாட்டாள். ஒரு விண்கலம், பெயர் தெரியாத ஒரு கோள், போய்க்கொண்டே இருக்கும் நாற்பது பேர். பார்த்து முடித்ததும் டிவிக்காரர்கள் கொடுத்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவாள். நாற்பது பேர் போகிறார்களே, ஒருத்தராவது சோறாக்கிப் பார்த்தோமா என்று மூன்றாவது எபிசோடுக்கு அவள் கேட்டது ஊரெல்லாம் சுற்றியது. அதற்காகத்தான் நேயர் அரங்கத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

சிரிக்க வைப்பாள் என்று.

இன்றைக்குப் பேச்சு பதினோராவது எபிசோடைப் பற்றி. அந்த வாரம் மட்டும் அவள் குரல் பதிவு அனுப்பவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

கலத்தின் கழிவுத் தொட்டியில் அடைப்பு. விஷவாயு பரவுகிறது. துப்புரவு வேலை பார்க்கும் சோமு உள்ளே இறங்கி அடைப்பை எடுக்கிறான். மற்ற முப்பத்தொன்பது பேரும் பிழைக்கிறார்கள். கேப்டன் சல்யூட் அடிக்கிறார்.

அவளுக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அழுததாகச் சொன்னார்கள். ஒரு கல்லூரிப் பெண் சோமுவின் தியாகத்தை மறக்கவே முடியாது என்றாள். வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர், தமிழில் இப்படியொரு காட்சி வந்ததே இல்லை என்றார். மேடையில் இருந்த இயக்குநர் கைகூப்பினார். பக்கத்தில் சோமுவாக நடித்தவன், இருபத்தெட்டு வயதிருக்கும், குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

பிறகு மைக் அவளிடம் வந்தது.

முதல் தடவை, பதற்றத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு மேகலாவே இறங்கி வந்து அவள் நாற்காலிப் பக்கத்தில் குந்தினாள். மரியாதையாகத்தான் பேசினாள். நன்றாக இருந்தது, அழுகை வந்தது, அவ்வளவு போதும் அக்கா என்றாள். குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால் கிராபிக்ஸைச் சொல்லலாம் என்றாள்.

அழுகை வரவில்லையே என்றாள் அவள்.

வரவில்லைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எழுந்துபோய் டிவியை ஒட்டி நின்று பார்த்தாள். சோமு இறங்கும்போது அவன் பின்னால் சுவரில் கவச உடைகள் வரிசையாகத் தொங்கின.

ஆறு.

அவள் வீட்டுக்காரர் சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்கிச் செத்துப் பதினான்கு வருடமாகிறது. கூட வேலை செய்தவர்களைக் காப்பாற்றத் தானாகவே இறங்கினார், நாங்கள் தடுத்துப் பார்த்தோம் என்று பட்டறை முதலாளி போலீஸில் எழுதிக் கொடுத்தார். உயிரைக் கொடுத்த தொழிலாளி என்று பேப்பரில் நாலு வரி வந்தது. பட்டறைக்காரர்களே பெரிய மாலையாக வாங்கி வந்தார்கள்.

அன்றைக்குக் காலையில் மேஸ்திரி வாசலில் நின்று, தொட்டியில் இறங்காவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னதை, உலை வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாவது டேக்.

இந்தமுறை இயக்குநரே பேசினார். பொறுமையாக. சோமு தன் விருப்பத்தில்தான் போகிறான், அதுதான் அவனுடைய பெருமை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கேப்டனின் குறிப்பேட்டில்கூட அப்படித்தானே இருக்கிறது என்றார்.

"குறிப்பேடு எழுதுனது யாருங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

"உடுப்பு ஆறு தொங்குச்சுங்க. ஒண்ணெடுத்துக் குடுக்க ஒருத்தருக்கும் கை வரலீங்களா? அவரா எறங்கலீங்க. எறக்கி உட்டாங்க."

மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கிக்கொண்டால் என்ன. முப்பது தறி ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். இன்னும் நூறு தடவை எடுத்தாலும் இதையேதான் சொல்வேன் என்று அவள் சொன்னது கடைசி வரிசைக்கும் கேட்டது.

உட்காரச் சொன்னார்கள்.

உட்காரவில்லை.

பின்வரிசையில் வசதியாக இடம் இருக்கிறது என்றார்கள். எனக்கு இங்கேயே வசதி என்றாள்.

மேகலா பேச்சை மாற்ற நடிகனிடம் திரும்பினாள். அந்தக் காட்சியில் நடித்த அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்தான். மேகலாவைப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்தவளையே பார்த்தான்.

அரங்கில் எல்லோரும் சோமுவை 'அவன்' என்றுதான் சொன்னார்கள். தொடரிலும் அப்படித்தான். இவள் ஒருத்திதான் மூன்று முறையும் 'அவர்' என்றாள்.

"அக்கா," என்றான். "நீங்க சொல்றது சோமுவ இல்லல்ல. யார?"

கட் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் பெயரை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில்கூட ரேஷன் கார்டை நீட்டி விரலால்தான் காட்டினாள்.

எந்தக் கேமரா ஓடுகிறது என்று பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்த பக்கமாகத் திரும்பினாள்.

"மாரப்பன்," என்றாள்.

பிறகு, எழுதிக்கொள்கிறவர்களுக்கு நேரம் கொடுப்பதுபோல் கொஞ்சம் நிறுத்தி, இனிஷியலோடு இன்னொரு முறை சொன்னாள்.