நடு வகுப்பு

"ஏனுங்க, அந்த வெட்டு வர்ற எடத்த இன்னொருக்கா விசிலடிச்சுக் காட்டுங்க. பரீட்சைக்கு நேரமாச்சுங்க."

வரிசையில் நின்றிருந்த கலா கெஞ்ச, அவள் புருஷன் சின்னராஜ் உதட்டைக் குவித்தான். ஒரு சுரம் வெடுக்கென்று வெட்டி விழ, அடுத்தது நீண்டு இழுத்தது. ஸ்காட்லாந்து ஃபிடில் இசைக்கு உயிரே அந்த வெட்டுதான் என்பார் ஜோஸ்லின் டீச்சர். தன் ஊரான கொட்டச்சேட்டில் மிளகுக்கொடிகளுக்கு நடுவே சின்னராஜ் அதை விசிலடிப்பதைக் கேட்டால், இவன் பிறந்தது ஸ்காட்லாந்து மலையிலா சேர்வராயன் மலையிலா என்று சந்தேகமே வந்துவிடும்.

ஜோஸ்லின் ஏற்காட்டுப் பெண். பல வருஷம் ஸ்காட்லாந்தில் இருந்து அந்த ஊர் ஃபிடிலைக் கற்றுத் திரும்பியவர். ஃபிடில் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம வயலின்தான். தாடையில் இடுக்கி, நின்றபடி, காலால் தாளம் தட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். எஸ்டேட் குடோன் ஒன்றில் ஞாயிறுதோறும் பயிற்சி. முதல் வகுப்பு, நடு வகுப்பு, மேல் வகுப்பு என்று மூன்று. தாளைப் பார்த்து வாசிப்பதெல்லாம் கிடையாது. காதால் கேட்டுக் கையால் பிடிக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வருஷமாக முதல் வகுப்பு. இன்றைக்கு நடு வகுப்புக்குப் பரீட்சை.

"ரெண்டு பேரும் தேறிருவமுங்களா?"

"நீ தேறிருவ."

"ரெண்டு பேருமுன்னு கேட்டனுங்க. ஒண்ணா ஆரம்பிச்சோம், ஒண்ணாத்தான் மேல போகோணும். நீங்க இல்லாத வகுப்புல எனக்கென்ன வேலை?"

அப்போது ஜோஸ்லின் வாசலுக்கு வந்து, வகுப்பு நேரம் மாறுவதைப் பற்றி ஏதோ சொன்னார். கலாவுக்கு இருந்த படபடப்பில் ஒன்றும் காதில் ஏறவில்லை. சின்னராஜ் மட்டும் தலையைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

கலாதான் முதலில் உள்ளே போனாள். டீச்சர் வாசித்துக் காட்டிய மெட்டை அப்படியே திருப்பி வாசித்தாள். வெட்டு சுத்தமாக விழுந்தது.

"நடு வகுப்பு!" என்றார் டீச்சர்.

கலா வெளியே ஓடிவந்து வயலினைச் சின்னராஜ் கையில் திணித்தாள். "போங்க, போங்க. அதே மெட்டுத்தானுங்க. நீங்க தூக்கத்துலயே வாசிப்பீங்க."

அவன் உள்ளே போனதும் கதவில் காதை வைத்துக்கொண்டாள். முதல் வரி நன்றாகத்தான் வந்தது. வெட்டு வரவேண்டிய இடத்தில் வில் வழுக்கியது. டீச்சர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை வெட்டும் இல்லை, மெட்டும் இல்லை. கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் முதல் வகுப்புலயே இருங்க சின்னராஜ்" என்றார் டீச்சர்.

ஊருக்குத் திரும்பும் வழியில், வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த கலா வெடித்தாள்.

"வேணுமின்னேதான கெடுத்தீங்க?"

"கை வேர்த்துப் போச்சு புள்ள."

"இந்தக் குளுருல வேர்க்குதாக்கும்! பொண்டாட்டி பக்கத்துல நின்னு வாசிக்க வெக்கமா? இல்ல, அவ மேல போயிட்டாளேன்னு வயித்தெரிச்சலா?"

சின்னராஜ் கொண்டை ஊசி வளைவில் கியரை மாற்றினான்.

"அப்படின்னா நானும் போகலீங்க. போதும் இந்தப் படிப்பு."

"அதெல்லாம் பேசாத. எம்மேல சத்தியமா நீ போயே ஆகோணும்."

அந்த வாரம் முழுக்க அவன் முன்னால் தட்டு 'ணங்'கென்றுதான் விழுந்தது. அவன் அசரவில்லை. தோட்டத்தில் அதே மெட்டை, ஒரு வெட்டுக்கூடத் தப்பாமல், விசிலடித்துக்கொண்டே மண்ணைக் கொத்தினான். கலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தெரியாதவனென்றால் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தே கெடுத்தவனை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை அவளை வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றித்தான் கூட்டிவந்தான்.

"கலா, உனக்கு இப்ப இல்லையே!" என்றார் ஜோஸ்லின். "முன்ன மாதிரி எல்லாரும் ஒரே நேரத்துல கிடையாது. முதல் வகுப்பு ஒன்பது மணிக்கு, நடு வகுப்பு பதினொண்ணுக்கு. அன்னிக்கே சொன்னேனே?"

சின்னராஜ் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வயலின் பெட்டியோடு உள்ளே போய்விட்டான்.

கலா சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் காது உள்ளேயே இருந்தது. அத்தனை பேர் வாசிப்பிலும் அவன் வாசிப்பு தனியாகத் தெரிந்தது. வெட்டெல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தது. இவ்வளவு நேரம் அவன் விடாமல் வாசித்து அவள் கேட்டதே இல்லை. கோபத்துக்கு நடுவிலும் ரொம்ப நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. சின்னராஜ் நேராக அவளிடம் வந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் தோளில் கிடந்த துண்டால் வயலினில் தாடை வைக்கும் இடத்தை நன்றாகத் துடைத்து அவள் மடியில் வைத்தான்.

"இந்தா கண்ணு, சூடு ஆறதுக்குள்ள உள்ள போ. ஒரே வகுப்புல இருந்தா, பாதி நேரம் நீ வாசிக்க நான் வேடிக்கை பாக்கோணும், பாதி நேரம் நான் வாசிக்க நீ வேடிக்கை பாக்கோணும். நம்மகிட்ட இருக்கறது இந்த ஒத்த வயலின்தான?"