மிச்சப் படம்

"அப்பா, படம் ஆரம்பிச்சு ஒரு மணி நேரமாச்சு. பேய் இன்னும் வரலை!"

"வரும், பொறு வாலு. அந்தக் காலத்துப் பேய் மரியாதை தெரிஞ்ச பேய். முதல்ல காத்தடிக்கும், அப்புறம் கதவு கிறீச்சுங்கும், அப்புறம் ஒரு பாட்டு. எல்லாம் முடிஞ்சுதான் முகத்தைக் காட்டும்."

"இப்ப வர்ற படத்துல அஞ்சே நிமிஷத்துல லிஃப்டுக்குள்ள வந்து நிக்குது."

"அதை மட்டும் சொல்லாதே, எரிச்சலா வருது," என்றார் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிற லிஃப்ட், பேய் முறைச்சா கதவைத் திறந்துடுமா? உள்ள பூட்டுன்னு ஒண்ணு இருக்கே, அதை எவனாவது யோசிக்கிறானா? எல்லாரும் பேயைப் பாத்து அலர்றாங்க, நான் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பதினான்கு வயது. சிரிக்கும்போது அச்சு அசல் அவள் அம்மாதான். அப்பா சட்டென்று டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊரில் பாதி லிஃப்ட் அவர் கைபட்டு ஓடுகிறது. அவர் குடியிருக்கும் கட்டடத்திலோ லிஃப்டே கிடையாது. நாலாவது மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு டி.வி., மகளுக்கென்று வாங்கிப் போட்ட ஒரு சோபா. வாரத்தில் ஆறு நாள் அதில் யாரும் உட்கார்வதில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு அவள் வருவாள். ஐந்து மணிக்குக் கீழே அம்மாவின் ஸ்கூட்டர் ஹாரன் கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன் கோர்ட்டில் முடிவான ஏற்பாடு.

அதனால்தான் அவர் பழைய படமாகவே போடுவார். புதுப் படம் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்துவிட்டால் அடுத்த வாரம் அவள் வர என்ன இருக்கிறது? பழைய படம் மூன்று மணி நேரம், மிச்சம் இருக்கும். மிச்சம் முடிந்த கையோடு அடுத்த படத்தை ஆரம்பித்துவிடுவார். என்ன படம் என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி ஆசை காட்டியும் வைப்பார். பாவம், அவருக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

"பழைய படத்துல இன்னொரு தொல்லைப்பா. கடைசியில பேயே இல்லைன்னுடுவாங்க. சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பா துணியைப் போத்திக்கிட்டு வந்தார்னு முடிச்சிடுவாங்க."

"நல்லதுதானே? நிம்மதியா வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். இப்பத்திய படத்துல பேயைப் புதைச்சு மண்ணு தள்ளினப்புறம் மறுபடி கண்ணைத் திறக்குது. எதுவுமே முடியறதில்லை."

"முடியாம இருந்தா நல்லதுதானேப்பா?"

அப்பா ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"அப்பா, அடுத்த வாரத்துலேருந்து ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறாங்க. பேர் குடுத்தவங்க மட்டும் வந்தா போதுமாம்."

அவர் சத்தத்தைக் குறைத்தார். "நீ குடுத்துட்டியா?"

"நாளைக்குச் சொல்லணும்."

'குடுக்காதே' என்று வாய் வரைக்கும் வந்தது. படிக்கிற பிள்ளையிடம் அப்படிச் சொல்ல முடியுமா? "படிப்புதாம்மா முக்கியம்," என்று ரிமோட்டைப் பார்த்துச் சொன்னார்.

டி.வி.யில் பங்களா இருண்டது. மகளின் கால் தரையில் தாளம் போட்டது. அடுத்த நொடி பேயின் பாட்டு ஆரம்பித்தது. கதாநாயகன் விளக்கோடு மாடியேறி, பூட்டிய அறையின் கதவில் கை வைத்தான்.

கீழே ஹாரன் அடித்தது. அப்பா படத்தை அப்படியே நிறுத்தி வைத்தார்.

"சே! யாருப்பா அந்தப் பேய்? சமையல்காரனா? வேணாம், சொல்லாதீங்க. அடுத்த வாரம் வந்து பாத்துக்கறேன். நான் இல்லாம நீங்க மட்டும் பாத்துடக் கூடாது, சத்தியம் பண்ணுங்க!"

"கிளாஸ்?"

"பேய் யாருன்னு தெரியாம கணக்கு எங்கே மண்டையில ஏறும்?"

அவள் இறங்கிப் போன பிறகும் அப்பா டி.வி.யை அணைக்கவில்லை. கதவில் கை வைத்த கதாநாயகன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

கீழே அம்மா ஸ்கூட்டரில் இருந்தாள். அவள் மேலே வருவதே இல்லை. நாலு மாடி ஏறினால் முட்டி வலிக்கிறதாம். தன் வீட்டில் துணி காயப்போட அஞ்சு மாடி ஏறுகிறவள்!

"இன்னிக்கு என்ன படம்?"

"பழைய பேய்ப் படம்மா. பங்களா, மாடியில பூட்டின ரூம், பேய் பாட்டுப் பாடுமே."

ஹெல்மெட்டை நீட்டிய அம்மாவின் கை பாதியில் நின்றது. "அதுவா?"

"நீ பாத்திருக்கியா?"

"பாதிதான். கல்யாணத்துக்கு முன்னாடி தியேட்டர்ல மறுபடி போட்டிருந்தாங்க. உங்கப்பா இடைவேளையிலேயே கிளப்பிக் கூட்டிட்டு வந்துட்டார். மிச்சம் அடுத்த வாரமாம். அப்பத்தானே நான் திரும்ப வருவேன்! போய்ப் பாத்தா படத்தையே தூக்கிட்டாங்க." அம்மா சிரித்தாள். "அப்புறம் டி.வி.யில எத்தனையோ தடவை போட்டாங்க. தனியா பாக்கத்தான் மனசு வரலை."

அண்ணாந்து நாலாவது மாடி ஜன்னலைப் பார்த்தாள். "யாருடி அந்தப் பேய்?"

"எனக்கும் தெரியாதும்மா, பாதியிலதானே வந்தேன். அடுத்த வாரம் நீயும் மேல வாயேன், சேர்ந்து பாத்துடலாம்."

அம்மா ஹெல்மெட் வாரை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"எத்தனை மணிக்குப் போடுவார்?"

"மூணு மணிக்கு," என்று பின்னால் ஏறி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள் மகள். மூன்று வருஷமாக அப்பா பேர் சொல்லும் ஒவ்வொரு படத்தையும் அந்த வாரமே தன் போனில் கடைசிக் காட்சி வரை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாதவளாக நாலு மாடி ஏறுகிறவள் அவள்.