ஒரே ஒரு படி

மஞ்சக்குப்பம் வீட்டுக் கூடத்தில் ஜெயராணி சொல்லச் சொல்ல, தம்பி கதிர்வேல் சிவப்புத் தரையில் இரண்டு சாக்பீஸ் கோடுகள் போடுகிறான். நடுவில் முப்பது அங்குலம். பினாங்கு ஓட்டலின் குளியலறைக் கதவு அவ்வளவு அகலம். ஜன்னல் வெயில் கோடுகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் அவள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.

குடும்பத்தோடு போகும் முதல் வெளிநாட்டுப் பயணம். விசாரித்ததில் இது நாலாவது ஓட்டல். முதல் மூன்றுக்கும் டிராவல்ஸ்காரர் போனில் சொன்னது ஒன்றேதான்: "படியே இல்லக்கா, ஒரே ஒரு படிதான்." மூன்று தடவையும் கதிர்வேல், "ஒரு படிதான, தூக்கிக்கலாம்க்கா" என்றான். மூன்று தடவையும் அவள் வேண்டாமென்றாள். போன மாதம் சிதம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் நாலு பேர் தூக்கியபோது, விலகிய புடவையை இழுத்துவிடக் கை எட்டாமல் அந்தரத்தில் இருந்தவள் அவள்தானே. "கதவுல டேப் வெச்சு வீடியோ அனுப்பச் சொல்லுங்க" என்று நாலாவதற்குக் கறாராகச் சொல்லிவிட்டாள். வீடியோ வந்துவிட்டது. வாசலிலிருந்து கட்டில்வரை ஒரு படிகூட இல்லை.

சக்கரங்களைத் தள்ளுகிறாள். இரண்டு பக்கமும் மூன்று விரல் இடம் விட்டு நாற்காலி கடக்கிறது. சாக்பீஸ் பொடிகூடக் கலையவில்லை.

"புக் பண்ணுடா!"

"அப்ப நான் எதுக்குக்கா? தூக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியே."

ஒரே சுழற்றலில் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்க்கிறாள்.

"பெட்டியத் தூக்கு."