காட்டிக்குடுத்தவன்

“காட்டிக்குடுத்தவன்ர வீட்டுக் கலியாணத்துக்கு நான் வரேல்லை. நீர் வேணுமெண்டால் போட்டு வாரும்.”

வாகீசன் அழைப்பிதழைப் பிரித்தும் பார்க்கவில்லை. தன் மகள் றோசலினுக்குக் கலியாணம் என்று சொல்லி, றொய்சன் தானே அவரின் யூனியன்வில் வீட்டு வாசல்வரை வந்து அவர் மனைவி புனிதவதியின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். இருபத்தெட்டு வருஷமாகப் பேச்சில்லாத கூட்டாளி.

கோபம் கோபம்தான். ஆனால் றொய்சன் பேர் காதில் விழுந்தால் வாகீசனின் மனம் பழைய மோர்னிங்சைட் நாட்களுக்குப் போய்விடும்.

தொண்ணூற்றேழில் அங்கே ஒரு பேஸ்மென்டில் வாகீசன், புது மனைவி புனிதவதி, றொய்சன் மூவரும் ஒன்றாக இருந்தார்கள். ஆண்கள் இருவருக்கும் பிஸ்கட் பக்டரியில் வேலை. ஊரில் 304 சீட்டு விளையாடி வளர்ந்த றொய்சனுக்கு விழுந்த காட்ஸ் ஒன்றும் மறக்காது. சமையல் மேசையில் காட்ஸைப் பரப்பி இருவரும் கசினோவில் காசு வைத்து ஆடும் பிளாக்ஜாக்குக்கு, விழுந்த காட்ஸை எண்ணப் பழகினார்கள். சின்னக் காட் விழுந்தால் ஒன்று கூட்டு, பெரியது விழுந்தால் ஒன்று கழி. எண்ணிக்கை ஏறினால் இனி வரப்போவது பெரிய காட்ஸ்; அப்போது துணிந்து காசு வைக்கலாம்.

கசினோவில் றொய்சன் சின்னக் காசு வைத்து எண்ணிக்கொண்டிருப்பான். நேரம் வந்ததும் காதைச் சொறிவான். முன்பின் தெரியாதவர்போல வாகீசன் வந்து இருந்து பெரிய காசு வைப்பார்.

வென்றுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஒரு பற்றிஸை இரண்டாகப் பிய்த்துத் தின்றபடி சிரித்த சிரிப்பு, பிறகு மார்க்கம் நகரில் சொந்தக் கம்பனி திறந்த அன்றும் அவருக்கு வரவில்லை.

கசினோக்காரருக்குச் சந்தேகம் வந்தது. சீட்டுக்கட்டுப் பாதி முடியும்போதே காட்ஸைக் கலைத்தார்கள். டீலரை மாற்றினார்கள். இவர்கள் தொப்பியை மாற்றினார்கள், மீசையை வழித்தார்கள். றொய்சன் களைத்துப்போய், விடுவம் மச்சான் என்று கேட்டுப்பார்த்தான். வாகீசனுக்கோ ருசி கூடிவிட்டது. வேலையை விட்டார். வீட்டுக்கு வருவதும் குறைந்தது.

ஒருநாள் கசினோ மனேஜர் இருவரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காதைச் சொறிவதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. இனிப் பிளாக்ஜாக் மேசைப்பக்கம் வரவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நீதானே சொன்னாய் என்று வாகீசன் கேட்டபோது றொய்சன் தலையைக் குனிந்தான். அடுத்த கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு போனான்.

“நானில்லை எண்டு ஒரு சொல்லாவது சொன்னவனா?” வாகீசன் அழைப்பிதழைத் தள்ளினார். “உதை அங்கால வையும்.”

புனிதவதி கதிரையை இழுத்து எதிரே இருந்தாள்.

“அவர் காட்டிக்குடுக்கேல்லை. நான்தான் போய்ச் சொன்னனான்.”

வாகீசன் நிமிர்ந்து பார்த்தார்.

எட்டு மாத வயிற்றோடு தனியே பஸ் ஏறிப்போய் மனேஜரைக் கண்டதைச் சொன்னாள். வெளியே வரும்போது றொய்சன் கண்டுவிட்டதையும், தானே புருஷனிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவள் அழுததையும் சொன்னாள். றொய்சன்தான் விடவில்லையாம்.

“என்னெண்டு சொன்னவன்?”

புனிதவதி அழைப்பிதழைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள்.

“‘தங்கச்சி, நீங்கள் எண்டு தெரிஞ்சால் அவனுக்கு வீடில்லாமல் போயிடும். நான் எண்டு நினைச்சால் ஒரு கூட்டாளிதானே போவான்’ எண்டார்.”