வெள்ளிக்கிழமை போட்ட தேதி

"பன்னிரண்டு, வெள்ளி. இன்று ஒரு தவறு செய்தேன். மேல்மாடியில் நிர்வாக அதிகாரியின் கணினியில் ஓர் ஆணையைத் தட்டச்சு செய்தபோது, பதினாறு என்று போடவேண்டிய இடத்தில் பழக்க தோஷத்தில் இன்றைய தேதியைப் போட்டுவிட்டேன். திட்டு வாங்கினேன். திருத்தி மறுபடி அச்செடுத்துக் கொடுத்தேன். இனி கவனம் தேவை."

தட்டச்சுப் பெண் தன் நாட்குறிப்பில் எழுதியிருந்தது இவ்வளவுதான்.

பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அதை மேசைக்கடியில் பிரித்து வைத்து நான்காவது தடவையாகப் படித்தாள். எப்போதும் தன் கண்ணையே நம்பாதவள். ஒருவேளை தேதியை மாற்றி எழுதிவிட்டோமோ என்று முந்தைய பக்கத்தையும் பார்த்தாள். வியாழன், பதினொன்று. சரியாகத்தான் இருந்தது.

எதிர் அறையில் தலைமை அரசு வழக்கறிஞர் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அறையைக் காலிசெய்ய அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள்.

அலுவலகத்தில் அவருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். இருபத்தெட்டு வருட வேலையில் நீதிபதி வந்த பிறகு அவர் உள்ளே நுழைந்ததை யாரும் பார்த்ததில்லை.

பதவி நீக்க ஆணை வேறு கதை சொன்னது. "பதினைந்தாம் தேதி முற்பகல் விசாரணைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நீதிமன்றத்தைக் காக்க வைத்ததால்" அவரை உடனடியாக நீக்குகிறார்களாம்.

காக்க வைத்தாராம். இரண்டு மணிக்கு என்றிருந்த விசாரணையைத் திங்கள் காலை திடீரென்று பத்தரைக்கு மாற்றினார்கள். அந்தத் தகவல் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று பத்து. மனிதர் படியில் தடுக்கி விழுந்து, எழுந்து, அங்கியை மாட்டிக்கொண்டே ஓடினார்.

உண்மையான காரணம் வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும். இடிந்து விழுந்த மேம்பாலம். அடியில் நசுங்கியவர்கள் பதினோரு பேர். கட்டியவர் அமைச்சரின் மைத்துனர். வழக்கை வாபஸ் வாங்கும் மனு மூன்று தடவை மேலிருந்து வந்தது. மூன்று தடவையும் கையெழுத்தில்லாமல் திரும்பிப் போனது. நாளை பிற்பகல் அடுத்த விசாரணை. அந்த நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் வேலையாக அந்த மனுவில்தான் கையெழுத்துப் போடுவார்.

வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்கள் படிப்பதில்லை. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், புத்தி எங்கேயோ இருக்கும். வெள்ளிக்கிழமை அவள் புத்தி மாலை வகுப்புத் தேர்வில் இருந்தது. பெயருக்கு மட்டும் இருபது எழுத்து இடம் விடச் சொன்னார் அதிகாரி. ஏன் என்று கேட்கவும் தோன்றவில்லை.

இன்று ஆணையின் நகல் கோப்பில் சேர்க்க அவள் மேசைக்கு வந்தது. அவள் விட்ட அந்த இடத்தில் பேனாவால் வழக்கறிஞரின் சின்னப் பெயர். அதற்குப் பிறகு மீதி வெற்றிடம், பல் விழுந்த வாய் மாதிரி.

அப்போதுதான் புரிந்தது. திங்கட்கிழமை வரப்போகும் தாமதத்துக்கு வெள்ளிக்கிழமையே தண்டனை எழுதியிருக்கிறார்கள். எழுதியது அவள் விரல்.

நிர்வாக அதிகாரி எதிர் அறை வாசலில் நின்று, பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு புத்தகத்தையும் நோட்டம் விட்டார்.

"பாத்து எடுங்க சார். அரசாங்கச் சொத்து ஏதாவது தெரியாம கூட வந்துடப் போகுது."

வழக்கறிஞர் நிமிரவில்லை. கையிலிருந்த புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, தன் பெயர் எழுதியிருந்ததை அதிகாரியின் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுப் பெட்டியில் போட்டார். ஒவ்வொன்றையும் அப்படியே செய்தார்.

கைப்பேசி அடிக்க, அதிகாரி தாழ்வாரத்துக்குப் போனார். அவள் எழுந்து உள்ளே போய், நான்காக மடித்த ஒரு தாளை மேசைமேல் பிரித்து வைத்தாள். வெள்ளிக்கிழமை வீணாய்ப் போன அச்சு. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் கிழித்துப் போட மனமில்லாமல் எடுத்துவந்து, வகுப்புக் குறிப்பு எழுதியிருந்தாள். முன்பக்கம் அதே ஆணை, அதே காரணம். தேதி மட்டும் பன்னிரண்டு. பெயர் இடம் காலி.

அவர் இரண்டு தடவை படித்தார். ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர் வாயிலிருந்து, எழுத முடியாத ஒரு வார்த்தை வந்தது.

பிறகு, நினைவுக்கு வந்தவர் போல அவளைப் பார்த்தார். தாளை அவள் பக்கமே தள்ளினார்.

"நீ இன்னும் தற்காலிகம்தானேம்மா? இது வெளியில வந்தா உன் வேலை போயிடும். நல்லா யோசிச்சுக்கோ."

அவள் தலை குனிந்தாள். நன்றாக யோசித்துத்தான் வந்திருந்தாள். தலை குனிந்தது அதற்கல்ல.

அவள் தற்காலிகம் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை, திருத்திய ஆணையைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது நிர்வாக அதிகாரி மறுபடி கூப்பிட்டார். திட்டிய அதே வாயால் சிரித்தார். மூன்று மாதம் கழித்து வரவேண்டிய பணி நிரந்தர ஆணையை, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துக் கொடுத்தார். தன் வேலைக்குக் கிடைத்த மதிப்பு என்றுதான் அன்று நினைத்தாள்; வாயை மூடக் கொடுத்த விலை என்று இன்றுதான் தெரிந்தது. தெருவிலேயே நின்று அக்காவுக்குப் போன் செய்து அழுதாள். புது அடையாள அட்டை வந்த பிறகு அலுவலகத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

தாளை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள். "நாளைக்குக் காலையில எங்க வந்து சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க சார்," என்றாள்.

அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து நாட்குறிப்பை எழுதினாள். காகிதம் கிழியும் அளவுக்குப் பேனா அழுந்தியது.

"பதினாறு, செவ்வாய். நாளை காலை பத்து மணி, நோட்டரி முன் வாக்குமூலம். இரண்டு ஆணைகளையும் எடுத்துப் போக வேண்டும். அவருடையது, என்னுடையது."