வெள்ளையடித்த லாக்கப்

அது எழுபத்தொன்பதாம் வருஷம். அரியலூரிலிருந்து மாஜிஸ்திரேட் பார்வையிட வருகிறார் என்றதும், லாக்கப்புக்கு வெள்ளையடித்துப் புதுப்பாய் விரிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அடிபட்டுக் கிடந்தவர்களை அப்புறப்படுத்திவிட்டு, ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவரும் மாயவனைக் கைதியாக உட்கார வைத்தார்.

“குறை ஒண்ணுமில்லன்னு சொல்லணும், தெரியுதா?”

“அசத்திப்புடுறேங்க.”

மாஜிஸ்திரேட் வந்தார். “சாப்பாடு, தண்ணியெல்லாம் ஒழுங்கா குடுக்குறாங்களாப்பா?”

“மாமியா வூட்டுலகூட இப்புடிக் கவனிக்க மாட்டாங்கய்யா! பத்து நாளா இங்கதான் இருக்கேன்.”

“பத்து நாளா? இருபத்துநாலு மணி நேரத்துல கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருக்கணுமே!”

மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்தார். இவன் கைதியே இல்லை என்று சொல்லவும் இன்ஸ்பெக்டருக்கு வழியில்லை.

போன வருஷம் இதே தரையில், பத்து நாள் தண்ணீர் கேட்டுக் கேட்டே செத்தவன் மாயவனின் தம்பி. செத்தவனுக்கு ஓர் அண்ணன் இருக்கிறானா என்று மட்டும் இன்ஸ்பெக்டர் விசாரிக்கவே இல்லை.