எட்டுப் பேருக்கு அனுமதி

"இருபத்து நாலுக்குப் பன்னிரண்டு" என்று சொல்லிக்கொண்டே சானிட்டரி இன்ஸ்பெக்டர் அளவு நாடாவைச் சுருட்டினார்.

ஓர் ஆளுக்கு முப்பத்தாறு சதுர அடி வேண்டும். இந்த வீட்டில் எட்டுப் பேர்தான் தங்கலாம்.

ஷரீஃபுன்னிசாவின் நோட்டில் ஒன்பது பெயர்கள் இருந்தன. குவாரியில் கல்லுடைக்கும் எட்டு ஆட்கள், ஒன்பதாவதாக வீட்டுக்காரி அவள்.

ஐம்பத்தாறாம் வருடம், மாசி மாதம். பர்கூரில் குவாரி ஆட்களுக்கு இப்படி வாடகைக்கு விட்ட வீடுகள் தெருவுக்கு நாலைந்து இருந்தன. எவரும் லைசென்ஸ் கேட்டுப் போனதில்லை. பஞ்சாயத்து போர்டும் கண்டுகொண்டதில்லை. இவள்தான் தானாகப் போய் மனுக் கொடுத்து, கட்டணமும் கட்டி, இன்ஸ்பெக்டரை வரவழைத்திருந்தாள். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று அவள் அக்காகூடக் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் விதிகளைச் சொல்லிக்கொண்டே போனார். வருடம் இரண்டு முறை சுவருக்குச் சுண்ணாம்பு. தண்ணீர்ப் பானைக்கு மூடி. அம்மை, காலரா கண்டால் அன்றைக்கே தகவல்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"ஒருத்தரை எடுத்திடுங்கம்மா. இல்லேன்னா லைசென்ஸ் கிடையாது."

அமாவாசை, குவாரிக்கு லீவு. சுவரோரம் நின்ற ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியாக வந்து சேர்ந்த நாட்றாம்பாளையத்து ராமப்பன், தன் துணி மூட்டையைக் காலால் மெல்லப் பக்கத்தில் இழுத்தான்.

"என் பேரை அடிச்சிடுங்க சார். நான் அக்கா வீட்டுல படுத்துக்கறேன்" என்றாள் ஷரீஃபுன்னிசா.

புருஷன் கட்டிய வீடு. இருபத்திரண்டு வருடமாக அவள் வேறெங்கும் தங்கியதில்லை.

இன்ஸ்பெக்டர் அவள் பெயரின் மேல் கோடு போட்டார். பிறகு மற்ற பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள்.

"முனிவேல். கல்லாவி. தை அஞ்சாம் தேதியிலேர்ந்து. குவாரி வேலை."

யாரும் கை தூக்கவில்லை.

ஷரீஃபுன்னிசா ஆட்களைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. முனிவேலைப் பற்றி வாயைத் திறந்தால் வேலை கிடையாது என்று குவாரி மேஸ்திரி எல்லோரையும் எச்சரித்திருந்தான். அது தெரிந்தும் எந்த முகத்தோடு அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்பது?

"குவாரியில இருக்கான் சார்" என்றான் ராமப்பன்.

"இன்னிக்கு லீவுன்னீங்களே?"

"அவனுக்கு இல்லீங்க."

இன்ஸ்பெக்டர் அவனைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பெயர்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டு போர்டு முத்திரையைக் குத்தினார்.

அவர் தெரு தாண்டும்வரை யாரும் உட்காரவில்லை.

ஷரீஃபுன்னிசா நோட்டை விரித்தபடியே சமையலறைக்குள் எடுத்துப் போனாள். அங்கே முனிவேலின் மனைவி பூவம்மாள் அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். கல்லாவியிலிருந்து இரண்டு முறை வந்து குவாரி கான்ட்ராக்டரின் வாசலில் நின்றவள். அப்படி ஓர் ஆள் பர்கூர்ப் பக்கமே வந்ததில்லை என்று இரண்டு முறையும் குமாஸ்தா திருப்பி அனுப்பியிருந்தான்.

பாறை சரிந்து பத்தொன்பது நாளாகிறது. இன்னும் முனிவேலை அடியிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

"சர்க்கார் முத்திரை விழுந்திடுச்சு பூவம்மா. இனிமே அவர் வரவேயில்லைன்னு யாரும் சொல்ல முடியாது."

பூவம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. எந்த வரி என்று கேட்டாள்.

ஷரீஃபுன்னிசா காட்டினாள். முத்திரையின் ஈரம் காயும்வரை இரண்டு பேரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.